சப்போஸட்லி மூடிய மதகு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எதிர் ஃப்ளாட் நந்தினி வந்து காலிங்பெல்லை அழுத்தினாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் போன், முகம் முழுக்க அவசரம்.

அவளுக்கு ஒரு செய்தி இணையதளத்தில் வேலை. ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழில் மாற்றிப் போட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு செய்தி. நின்று ஒரு வாய் டிபன் சாப்பிட முடியாத பிழைப்பு.

"ஆன்ட்டி, 'அலெஜட்லி'க்குத் தமிழ்ல என்ன போடறது?"

கூறப்படுகிறது, சொல்லப்படுகிறது, என்று தெரியவருகிறது... வரிசையாக எடுத்து விட்டேன். ஒன்றும் பிடிக்கவில்லை அவளுக்கு. எல்லாம் நீளமாம். தலைப்பில் இடம் போதாதாம். கடைசியில் 'திருடினாராம்' என்று அவளே போட்டுக்கொண்டு, நான் நீட்டிய காபியைக்கூட வாங்காமல் ஓடினாள்.

பார்த்தீர்களா? நமக்கு ஒரு 'ஆம்' போதும். வந்தாராம், போனாராம், வேலையை விட்டு நின்னுட்டாளாம் — சொல்லிவிட்டு நம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். யார் சொன்னது என்று எவரும் கேட்கப்போவதில்லை. வெள்ளைக்காரன்தான் பாவம், இந்த ஒரு வேலைக்கு ஒரு பட்டாளத்தையே வைத்துத் தீனி போடுகிறான்.

அந்தப் பட்டாளத்தை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் என் அப்பா. திண்டிவனத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. ஆங்கிலப் பேப்பர் வாங்கி, என்னை உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்வார். அதிலும் கோர்ட் செய்திதான் படிக்க வேண்டும். இங்கிலீஷ் சுத்தமாக இருப்பது அங்கேதான் என்பது அவர் கட்சி. கொலையும் கொள்ளையும் செக் மோசடியுமாக நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

'ரிப்போர்ட்டட்லி' என்றால், யாரோ சொன்னார்கள், நானும் சொல்கிறேன். 'அலெஜட்லி' என்றால், அவர் மேல் இப்படி ஒரு பழி இருக்கிறது, உண்மையா பொய்யா என்று என்னைக் கேட்காதே. 'சப்போஸட்லி' என்று ஒன்று உண்டு, அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், நான் நம்பவில்லை என்கிற தொனியோடு... அதன் விஷமம் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது என்று இப்போது தோன்றுகிறது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டார். "நம்ம கண்ணால பாக்காத எதையும் இதுல ஒண்ணைச் சேர்க்காம சொல்லக் கூடாது. அதான் யோக்கியம்" என்பார்.

நானும் யோக்கியமாகச் சேர்த்துக்கொண்டேதான் இருந்தேன். மரக்காணத்தில் வாழ்க்கைப்படும் வரை எந்தச் சேதாரமும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வயது இருபத்தொன்று. பி.யு.சி. பாஸ். கணவருக்குப் பாண்டிச்சேரியில் மில் வேலை, ஷிஃப்ட் பார்த்துவிட்டு வாரம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நான், அத்தை, மாமா மூன்றே பேர். மாமாவுக்கு உப்பளத்தில் மதகு பார்க்கிற வேலை. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மதகுக்காரர் என்றால் நாய்க்குட்டிகூட வீட்டைக் காட்டும்.

மதகு என்றதும் அணைக்கட்டு மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழியிலிருந்து உப்பளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் குறுக்கே இரண்டு கருங்கல் தூண்கள். தூணில் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளை இறக்கினால் தண்ணீர் நிற்கும். தூக்கினால் உள்ளே வரும். அவ்வளவுதான் மதகு. ஆனால் எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது, எத்தனை பலகை... அங்கேதான் இருக்கிறது நாற்பது குடும்பத்தின் சோறு. கடல் ஏறும் நேரத்தில் மதகு திறந்து கிடந்தால் தண்ணீர் புகுந்து, பாத்தியில் விளைந்து நிற்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது.

கீழ்புத்துப்பட்டில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையில் மாமாவும் அத்தையும் பஸ் ஏறிப் போனார்கள். நான் போகவில்லை. புதுப் பெண்ணை ஊரே வளைத்துக்கொண்டு எத்தனை பவுன், எத்தனை புடவை என்று விசாரிக்குமே என்று தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டேன். தலைவலி — அலெஜட்லி!

மத்தியானம் கடல் ஏறியது. சாயங்காலம் அவர்கள் இருவரும் தாம்பூலப் பையோடு வந்து இறங்கியபோது, மறுநாள் வார வேண்டிய உப்பு முழுக்கப் பாத்தியிலேயே கரைந்து போயிருந்தது. பெண்கள் பாத்தி வரப்பில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. மாமா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கல்யாண வேட்டியோடு மதகுக்கு ஓடினார். காடியில் ஒரு பலகைகூட இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரே ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கிக் கிடந்தது. யாரோ அதை எடுத்து வந்து உப்பளத்து ஆபீஸ் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

"மூடிட்டுத்தான் போனேன்" என்றார் மாமா.

ஆபீஸ் கிளார்க் உடனே மேலே எழுதிப் போட்டுவிட்டார். கல்யாண அவசரத்தில் மதகை மூடாமலே போய்விட்டார் மதகுக்காரர் என்று. மெட்ராஸிலிருந்து ஆபீசர் வந்து விசாரிக்கும் வரை மதகுப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. குற்றம் நிஜம் என்று ஆனால் வேலை போய்விடும். முப்பது வருஷத்து வேலை.

வேலையைக்கூட விடுங்கள். ஆபீசர் வந்து சேரப் பதினைந்து நாள் ஆயிற்று; அதுவரை ஊர் மாமாவை நடத்தின விதம் இருக்கிறதே... யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். எதிரே வந்தவர்கள் மேல்துண்டைச் சரி செய்துகொண்டே கடந்து போனார்கள். உப்பு வாருகிற பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, அத்தைக்கு அவ்வளவு சிநேகம். தண்ணீர்க் குழாயடியில் அத்தையின் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். அத்தை அன்று பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அஞ்சலையையும் குறை சொல்ல முடியாது. அவள் வீட்டில் ஐந்து வாய்.

திண்டிவனம் வரை செய்தி போய், அப்பாவிடமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. விஷயம் தெளியும் வரை கொஞ்ச நாள் இங்கே வந்து இரு என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. போகிறேன் என்றும் எழுத வரவில்லை, போகமாட்டேன் என்றும் எழுத வரவில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கும் சந்தேகம் இருந்தது. மாமாவுக்கு அறுபதை ஒட்டின வயது. கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற மனுஷன். மூடினதாக நினைத்துக்கொண்டு போயிருக்கலாமே? அவர் பொய் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. ஆனால் மூடினார் என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

விசாரணைக்கு வந்த ஆபீசர் வடக்கத்திக்காரர். உயரமான, வியர்த்து வழிகிற மனிதர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வழக்கமாக மொழிபெயர்ப்பது கிளார்க். ஆனால் புகார் எழுதினதே கிளார்க் ஆயிற்றே! அவர் வேண்டாம் என்றார் ஆபீசர். வேறு யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பேச்சு வந்ததும், கூடியிருந்த பெண்களில் யாரோ, மதகுக்காரர் மருமகள் இங்கிலீஷ் பேப்பரே படிப்பாளே என்று சொல்லிவிட்டார்கள். ஆள் அனுப்பி என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள்.

அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன உறவு என்று கேட்டார். மருமகள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, அவருக்குச் சாதகமாக எதையும் கூட்டக் கூடாது, அவர் சொல்வதை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா! கோர்ட் செய்தி படித்து வளர்ந்த பெண்ணிடமா கேட்கிறார்!

சுற்றிலும் நாற்பது குடும்பமும் நிற்கிறது. கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு, எங்கே இவள் மாமனாருக்காகச் சரிக்கட்டப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் நேர்மையை இன்று எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது எனக்கு.

மாமா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். காலையில் மதகுக்குப் போனேன். ஐந்து பலகையும் இறக்கினேன். வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். பஸ் ஏறினேன்.

நான் இங்கிலீஷில் அடுக்கினேன். அலெஜட்லி மதகுக்குப் போனார். அலெஜட்லி பலகையை இறக்கினார். ரெண்டு தடவை அலெஜட்லி வந்துவிட்டதே, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை கெட்டுவிடும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாரே... அடுத்ததற்கு ரிப்போர்ட்டட்லி. ஆக மொத்தம் மதகை மூடிவிட்டாயா என்று ஆபீசர் மறுபடி கேட்டபோது, "ஆமாங்க, மூடிட்டுத்தான் வந்தேன்" என்றார் மாமா. நான் சொன்னேன்: "சப்போஸட்லி, சார். சப்போஸட்லி ஹி குளோஸ்ட் இட்."

ஆபீசர் நிமிர்ந்தார்.

"சப்போஸட்லி?"

"எஸ் சார்" என்றேன் பெருமையாக.

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கிளார்க்கின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. நல்ல இங்கிலீஷ் என்று பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அசடு!

எழுதி முடித்ததும் அதை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுவது முறை. அவர் இங்கிலீஷில் வாசிப்பார். நான் தமிழில் சொல்ல வேண்டும். சரிதான் என்று மாமா ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போட வேண்டும்.

வாசித்தார். நான் சொன்னேன். மதகுக்குப் போனதாகச் சொல்கிறார். பலகையை இறக்கியதாகச் சொல்கிறார். அடுத்த வரியில் அந்த 'சப்போஸட்லி' வந்தது. அதற்குத் தமிழ் என்ன? கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. யோசித்து யோசித்து, சரியான வார்த்தை வாயில் வந்து விழுந்தது.

"மதகை மூடினதா... சொல்லிக்கறாரு."

விழுந்த பிறகுதான் எனக்கே காதில் கேட்டது. சொல்லிக்கறாரு! திருடன் சொல்லிக்கொள்வான், குடிகாரன் சொல்லிக்கொள்வான். வீட்டுக்கு வந்த மருமகள், மாமனாரைப் பற்றி, ஊர் முன்னால் சொல்கிற வார்த்தையா அது?

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவுங்க ஊட்டு மருமவளே இப்படிச் சொல்லுதே என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது அவரா எழுதனதா கண்ணு, நீ சொன்னதா?"

"நான் சொன்னதுதான் மாமா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சரி, அப்படியே இருக்கட்டும். நீ பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்லுவ? ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப அப்படித்தான் இருக்குது. மூடினேனா, மூடினதா நெனச்சிக்கிட்டுப் போயிட்டேனா... தெரியலம்மா."

சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பதினைந்து நாளில் ஒரு மனுஷனை அவர் கையையே அவர் நம்பாமல் பண்ணிவிட்டது ஊர். அதற்கு மேல் நான் வேறு, மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறேன்.

அவர் கையெழுத்துப் போடக் குனிந்தார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் பெயர் எழுதத் தொடங்கின அந்த விரல்கள். நகங்களின் ஓரத்தில் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்புக் கோடு.

சோப்பு!

வேறு யாருக்கும் இது விளங்காது. எனக்குக் கல்யாணச் சீராக வந்த பெட்டியில் மூன்று வாசனை சோப்பு இருந்தது. ரோஸ் கலர். பிரித்தால் அறையெல்லாம் மணக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் சோப்பைப் பிரித்து வைத்திருந்தேன். மாமா மதகிலிருந்து வருகிறார், முழங்கை வரை களிமண். பஸ்ஸுக்கு நேரமாச்சு, சேத்தோடவே கல்யாணத்துக்கு வரப்போறியா என்று அத்தை சத்தம் போடுகிறார். வீட்டுச் சோப்பு தீர்ந்து போயிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மனசே இல்லாமல் என் சோப்பை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கித் தேய்த்தார் பாருங்கள்... ரோஸ் சோப்பு சாம்பல் நிறமாகித் திரும்பி வந்தது. அதில் ஒட்டின மண் போகவேயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது உடம்பில் நறநறவென்று உறுத்தும். பதினைந்து நாளாக மனசுக்குள் மாமாவைத் திட்டிக்கொண்டு அந்தச் சோப்பைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

களிமண் எதற்கு? பலகையை இறக்கினால் மட்டும் தண்ணீர் முழுசாக நின்றுவிடாது. இடுக்கில் கசியும். நாள் முழுக்க மூடி வைக்க வேண்டுமானால், வைக்கோலைக் களிமண்ணில் பிசைந்து, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, இடுக்கெல்லாம் அடைப்பார் மாமா. மறுபடி பலகையைத் தூக்கினதும் பழைய மண்ணைச் சுரண்டிக் கழுவிவிடுவார். மூடாத நாளில் அவர் கையில் களிமண் இருக்காது. தினமும் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். எனக்குத் தெரியாதா இது?

தெரியும். ஆனால் நான் பார்த்தது மதகை இல்லையே, கையைத்தானே. அதனால் அது சாட்சி என்றே எனக்குத் தோன்றவில்லை.

"சார், வெயிட்" என்றேன். மாமாவின் கையைப் பிடித்துப் பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டேன். நாற்பது குடும்பத்தின் முன்னால் மாமனார் கையைப் பிடித்த மருமகள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

ஆபீசரிடம் சொன்னேன். அந்த அலெஜட்லி, ரிப்போர்ட்டட்லி, சப்போஸட்லி எல்லாம் என்னுடையது, அவருடையது இல்லை. அவர் மூடினேன் என்று மட்டும்தான் சொன்னார். அதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

அப்படியானால் நீ மொழிபெயர்க்க வந்தாயா, சாட்சி சொல்ல வந்தாயா என்று கேட்டார்.

"விட்னஸ், சார்."

"அவர் மூடியதை நீ பார்த்தாயா?"

"இல்லை சார். அவர் கையைப் பார்த்தேன்."

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். களிமண்ணுக்கு இங்கிலீஷ் தெரிந்தது, வைக்கோலுக்கும் தெரிந்தது. சோப்பு வரை வந்ததும் பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். அதே விஷயத்தைத் தமிழிலும் ஒரு தடவை சொன்னேன். இந்தத் தடவை ஒரு 'ஆம்'கூடச் சேர்க்கவில்லை.

மருமகள் சொல்வதெல்லாம் ஒரு சாட்சியா என்று கிளார்க் ஆரம்பித்தார். ஆபீசரும் மோவாயைத் தடவினார். அதுவும் நியாயம்தானே?

அப்போது அஞ்சலை எழுந்தாள். நேரே கொட்டகைச் சுவருக்குப் போனாள். பதினைந்து நாளாக அங்கே சாய்ந்து கிடந்த பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து ஆபீசர் மேஜை முன்னால் வைத்தாள். பலகையின் ஓரம் நெடுக, காடிக்குள் போகிற விளிம்பில், காய்ந்து வெடித்த களிமண் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நகத்தால் கொஞ்சம் பெயர்த்தாள். உள்ளே வைக்கோல்.

"அடைச்சிருக்குதுங்க. அடைச்ச பலகையத்தான் யாரோ புடுங்கியிருக்காங்க" என்றாள்.

அதை நான் மொழிபெயர்த்தேன். நடுவில் எந்த வார்த்தையும் சேர்க்காமல்.

அந்தப் பலகையைத் தினமும் எல்லோரும்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கிளார்க் அதன்மேல் துண்டைக்கூடக் காயப் போட்டிருந்தார். ஒருவருக்கும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆபீசர் தன் பேனா மூடியால் இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியமும் குட்டையாக இருந்தது. மதகுக்குப் போனேன். பலகையை இறக்கினேன். களிமண் வைத்து அடைத்தேன். மாமா கையெழுத்துப் போட்டார்.

பலகையைப் பிடுங்கினது யார்? கடைசி வரை தெரியவில்லை. கடல் ஏறும்போது மதகு வாயில் வலை கட்டினால் இறால் விழும், அந்த ஆசையில் யாரோ ஒரு பலகையைத் தூக்கியிருப்பார்கள், தண்ணீர் வேகத்தில் மற்றதெல்லாம் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டட்லி! அந்த ஆள் யார் என்று மாமா விசாரிக்கவேயில்லை. அத்தை விசாரிக்கப் போனபோது, விடு என்று தடுத்துவிட்டார்.

அன்று விசாரணை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது உப்பளத்து வரப்பில் மாமா முன்னால் நடந்தார், நான் பின்னால். நல்ல வெயில். இரண்டு பக்கமும் பாத்திகளில் புதுசாக உப்பு கட்டத் தொடங்கியிருந்தது. கண் கூசியது. கொஞ்ச தூரம் போனதும் மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"முழங்கை வரைக்கும் சேறு இருந்திச்சின்னு நீ சொன்னப்பதான் எனக்கே ஞாபகம் வந்திச்சி கண்ணு. குப்புறப் படுத்தேன். நெஞ்செல்லாம் குளிர்ந்திச்சி. நான் மூடினேன்தான்."

"மூடினீங்க மாமா."

இன்னும் பத்தடி நடந்திருப்போம். நின்று திரும்பினார்.

"அந்தச் சோப்பு ஞாபகம் வரலன்னா என்ன சொல்லியிருப்ப?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை அவர். ஒரு பிள்ளை கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாய் திறந்து மூடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "சரி சரி வா, வெயில் சுடுது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அடுத்த வாரம் மதகு வேலை திரும்ப அவர் கைக்கு வந்தது. அத்தையும் அஞ்சலையும் மறுபடி குழாயடியில் ஒருத்தர் குடத்துக்கு இன்னொருத்தர் காவல் இருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன், நான் வரவில்லை, மாமா மேல் தப்பு இல்லை என்று. மாமா பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு ரோஸ் சோப்பு வாங்கி வந்து என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியை அவர் அப்புறம் கேட்கவேயில்லை.

அவரோடு ஒரே வீட்டில் இன்னும் இருபத்தோரு வருஷம் இருந்தேன். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர். என் முதல் கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்தபோது அதை எழுத்துக் கூட்டி அத்தைக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். எத்தனையோ சொன்னார், எத்தனையோ கதை அளந்தார். நான் எதற்கும் அந்த மூன்று வார்த்தையில் ஒன்றைக்கூடச் சேர்த்ததில்லை. சர்க்கரை வியாதி வந்த பிறகு, லட்டு டப்பா பக்கமே நான் போவல என்பார் பாருங்கள், அங்கே மட்டும்தான் சேர்த்தேன்.

எல்லோருக்கும் சோப்பு கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. நம் பக்கத்தில் இருப்பவர் 'நான் செய்தேன்', 'நான் செய்யவில்லை' என்று சொல்லும்போது கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல்தான் நாம் நிற்கிறோம். அப்பா சொல்லிக் கொடுத்த யோக்கியம் பேப்பருக்குச் சரி. நந்தினிக்குச் சரி. வீட்டுக்குள் அது வேறு மாதிரி என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

வரப்பில் நின்று மாமா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கேட்கத்தான் அவர் இல்லை.

நான் எதையும் பார்க்கவில்லை, சார். அவர் மூடினார்.